ஊல்கான் கடித்த ரொட்டி

1984 அக்டோபரில் ஒரு புதன்கிழமை என் பெரியம்மா ஊல்கான், எங்கள் நாட்டுப் படை போர் நடத்திக்கொண்டிருந்த காபூலுக்கு நர்ஸாகப் புறப்பட்டாள். எங்கள் சுரங்க ஊரில் அன்று அந்த வருடத்தின் முதல் பனி விழுந்தது. விழுந்த கையோடு நிலக்கரித் தூசி அதைக் கறுப்பாக்கியது. பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் அம்மா அடுப்பிலிருந்து எடுத்த வட்ட ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போகிற பையன் வாசலைத் தாண்டும் முன்பு ரொட்டியில் ஒரு வாய் கடிக்க வேண்டும். கடித்த ரொட்டியை வெள்ளைத் துணியில் கட்டி ஆணியில் மாட்டிவிடுவார்கள். அவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்னும்வரை அது அங்கேயே தொங்கும். வேறு யாரும் தொட மாட்டார்கள். ரொட்டி தின்னப்படாமல் இருக்கிறவரை, போனவன் இன்னும் வழியில் இருக்கிறான் என்று பொருள்.

"பட்டாளத்துல கூப்பிட்ட பையனுக்குத்தான் ரொட்டி. தானாப் போறவளுக்கு எதுக்கு?" என்றார் அவள் அப்பா. சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலை அவருக்கு. நாளுக்குப் பத்து வார்த்தை பேசுகிற ஆள், அன்றைய பத்தையும் இதற்கே செலவழித்தார்.

"நீங்க சும்மா இருங்க. ஆம்பளையா பொம்பளையான்னு பாத்தா குண்டு விழுது?" என்றாள் அம்மா. "கடிடி."

பெரியம்மா கடித்தாள். சின்ன வயதில் தெருக் குழாயின் கைப்பிடி பட்டு அவளுடைய முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அதனால் கடித்த இடத்தின் நடுவே ஒரு சின்ன மேடு மிஞ்சி நின்றது. அவள் தங்கை, அதாவது என் அம்மா, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் எட்டிப் பார்த்து, "எஜே, எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். எஜே என்றால் அக்கா. ஊரில் பாதிப் பேர் பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஏனென்றால் ஊரில் பாதிப் பேருக்கு அவள் ஊசி போட்டிருந்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ரொட்டி ஆணிக்குப் போனது. பெரியம்மா பேருந்துக்குப் போனாள்.

ஏன் போனாள் என்று நானும் கேட்டிருக்கிறேன். பதில் எரிச்சலோடுதான் வந்தது. "சுரங்கம் இடிஞ்சா நேரங்காலம் பாக்காம ஓடியாங்கன்னு கூப்பிடுவாங்க. ஓடுவோம். அங்கேருந்தும் கூப்பிட்டாங்க, அறுவை அறையில நின்னு பழகின நர்ஸ் வேணும்னு. கூப்பிட்ட எடத்துக்குப் போறவதான் நர்ஸ். வேற என்ன நினைச்சே, ஊர் சுத்திப் பாக்கவா போனேன்?" கடைசி வாக்கியம் எனக்காகச் சொன்னது. அப்போது நான் மாஸ்கோவிலும் இஸ்தான்புல்லிலும் ஆறேழு வருடம் திரிந்துவிட்டு வந்திருந்தேன்.

காபூல் ராணுவ ஆஸ்பத்திரியைப் பற்றி அவள் உட்கார்ந்து கதை சொன்னதே இல்லை. அக்ரூட் உடைக்கும்போது ஒரு துண்டு, துணி பிழியும்போது ஒரு துண்டு. மருந்துப் பாட்டிலைத் தொங்கவிடும் கம்பிகள் போதாமல் சுவர் முழுக்க ஆணி அடித்தார்களாம். "ஒவ்வொரு ஆணியையும் பாக்கும்போது எனக்கு வீட்டு ஆணி ஞாபகம் வரும்" என்றாள். ரஷ்ய டாக்டர்களுக்கு நம் பையன்களின் பேச்சு புரியாது. அதனால் எங்கள் பக்கத்துப் பையன் எந்த வார்டில் கிடந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன கேட்பாங்க பெரியம்மா?"

"தண்ணி. வயித்துல குண்டு பட்டவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாது. ஈரத் துணியால உதட்டை மட்டும் துடைப்பேன். என் அம்மாவை, பாட்டியை, ஏழு தலைமுறையை இழுத்து வச்சுத் திட்டுவானுங்க. நம்ம பாஷையில, நம்ம ஊரு கெட்ட வார்த்தையில." ஒரு அக்ரூட்டை உடைத்தாள். "அவ்வளவு தூரத்துல அதைக் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் அவள் கைக்கு வந்தார்கள். முதலில் வந்தவன் மாமசாலி. கண்ணிவெடியில் கால் போயிருந்தது. ஒரு நாள் ஹெலிகாப்டர்கள் அடுத்தடுத்து இறங்கின. மயக்க மருந்தெல்லாம் வயிறும் தலையும் கிழிந்து வந்தவர்களுக்குப் போய்விட்டது. மாமசாலியின் வெட்டிய காலில் சீழ் வைத்திருந்தது, மறுநாளுக்குத் தள்ள முடியாது. டாக்டர் சுத்தம் செய்தார். பெரியம்மா தன் கையை அவன் மார்புக்குக் குறுக்கே வைத்து அழுத்திப் பிடித்தாள். அவன் அந்தக் கையைக் கடித்தான். டாக்டர் முடிக்கிறவரை அவன் பல்லை எடுக்கவில்லை, அவள் கையை எடுக்கவில்லை. முடிந்ததும் அவன் அழுதுகொண்டே, "எஜே, நான் அழுததையும் கடிச்சதையும் ஊருல சொல்லிடாதீங்க" என்றானாம். "சொல்ல மாட்டேன்டா" என்று இவளும் வாக்குக் கொடுத்தாள். அந்தப் பையன் யாரென்று என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. நான் வேறு வழியில் தெரிந்துகொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது பையன் தோலுபாய். ஊரில் எல்லோரும் ஷார்கான் அம்மா என்று கூப்பிடுகிறவளின் ஒரே மகன். வயிற்றில் குண்டு. தண்ணீர் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. "அம்மா போட்ட மோர் இருக்கா எஜே?" என்று கேட்டான். கொண்டுவருவதாகச் சொன்னாள். கொண்டுவர வேண்டிய தேவை வரவில்லை. அவனைக் குளிப்பாட்டி, கண்ணை மூடி, தலையைச் சீவி அனுப்பியது அவள்தான். ஊருக்குத் தகரப் பெட்டி வந்தபோது அதைத் திறக்கவிடவில்லை. அதனால் அவன் தலை சீவியிருந்தது ஊரில் யாருக்கும் தெரியாது.

1987 வசந்தத்தில் பெரியம்மா வீடு திரும்பினாள். காலணியைக் கழற்றும் முன்பே ஆணியைப் பார்த்தாள். ஆணியில் ஒன்றும் இல்லை.

"எலி தின்னுடுச்சும்மா" என்றாள் அவள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

வெள்ளைத் துணி அலமாரியில் இருந்தது. துவைத்து, நான்காக மடித்து வைத்திருந்தது. எலி ரொட்டியைத் தின்னும். துணியை மடித்து வைக்காது. பெரியம்மா காலணியைக் கழற்றினாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மூன்று குளிர்காலம் கழித்து வந்த மகளிடம், "வழியில பனி இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஊர்ப்பேச்சு அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பட்டாளம் முடித்து வந்த பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் தேநீர்க் கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான்: அந்த ஆஸ்பத்திரிப் பொம்பளைங்க எல்லாம் எதுக்கு வந்தாளுங்கன்னு நினைக்கிறீங்க, பட்டுத் துணிக்கும் டேப் ரிக்கார்டருக்கும், அதிகாரிங்க அறைக்கும். கடையே சிரித்ததாம். அந்தக் கடையில் அன்று மாமசாலியும் இருந்தான். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு தேநீர் குடித்தான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கடைக்காரர் மகள்தான் இதை என் அம்மாவிடம் சொன்னாள், பல வருடம் கழித்து.

பெரியம்மா உண்மையிலேயே ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தாள். போதாதா? பெண் கேட்டு வந்தவர்கள் டேப் ரிக்கார்டரைப் பார்த்தார்கள், தேநீரைக் குடித்தார்கள், எழுந்து போனார்கள். அவளுடைய அப்பா சாகிறவரை அதில் ஒரு பாட்டும் கேட்கவில்லை. அங்கேயிருந்து திரும்பிய பட்டாளத்துப் பையன்களும் அதே டேப் ரிக்கார்டரைத்தான் தோளில் சுமந்து வந்தார்கள். அவர்கள் வீட்டில் அது வீரத்தின் அடையாளமாக மேசைமேல் இருந்தது. அதே கம்பெனி, அதே கறுப்பு நிறம்.

திரும்பிய வாரமே அவள் ஷார்கான் அம்மா வீட்டுக்குப் போனாள். "தோலுபாய் கடைசியில பேசினான்மா. உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

ஷார்கான் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "என் புள்ளை பெட்டியில வந்தான். நீ ரிக்கார்டரோட வந்திருக்கே. என்னடி சொல்லப் போறே? போ."

அதன் பிறகு ஷார்கான் அம்மா அவள் கையால் ஓர் ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. சுரங்க ஆஸ்பத்திரியில் பெரியம்மா வேலை பார்க்கிற நாளில் காய்ச்சல் வந்தால் மறுநாள்வரை பொறுத்திருப்பாள்.

மாஸ்கோ ஆண்ட பெரிய நாடு உடைந்தது, சுரங்கம் மூடியது, ஊர் பாதி காலியானது. மிஞ்சியவர்கள் முன்னாள் வீரர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மாமசாலி தலைவரானான். ஊர் மன்றக் கட்டிடத்தின் முன்னால் ஒரு கறுப்புக் கல் வைத்தார்கள். ஒரு பக்கம் இறந்தவர்கள் பெயர், மறுபக்கம் போய்த் திரும்பியவர்கள் பெயர். படைக்கு மாவு பிசைந்தவன் பெயர் இருக்கிறது. காபூலுக்கே போகாமல் எல்லைப் பாலத்தின் இந்தப் பக்கம் லாரி கழுவியவன் பெயரும் இருக்கிறது. ஊல்கான் பெயர் இல்லை.

"நீங்க படைவீரர் இல்லையே எஜே" என்றானாம் மாமசாலி. "சிவில் ஊழியர். விதி அப்படி. நான் என்ன பண்ணட்டும்?"

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பட்டயமோ பதக்கமோ கேட்கவில்லை. திரும்பியவர்கள் பக்கத்தில் தன் பெயர் வேண்டும் என்றாள். ஆணியில் ரொட்டி இல்லாமல் போனதால் அவள் கணக்கில் அவள் இன்னும் வந்து சேரவே இல்லை. கல்லிலாவது வந்து சேர வேண்டும்.

கல்லில் இடம் கொடுக்காதவர்கள் ஒவ்வொரு பிப்ரவரி பதினைந்தும் ஆள் அனுப்புவார்கள். படை திரும்பிய நாள் அது. ஆடு வெட்டி மன்றத்தில் விருந்து. "எஜே, டீ ஊத்த ஆள் வேணும்." அவளும் போவாள். இந்த இடத்தில்தான் எனக்குத் தலை சூடாகும்.

"ஏன் போறீங்க? உங்களுக்கு ரோஷமே இல்லையா?" என்று கத்தினேன். 2019 ஜனவரி, நான் திரும்பி வந்த மாதம்.

"கத்தாதே. அவனுங்க என் நோயாளிங்க. எவன் நொண்டுறான், எவனுக்குக் கை நடுங்குது, எவன் மறுபடி குடிக்க ஆரம்பிச்சிருக்கான்னு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரிசையா உக்கார வச்சுப் பாக்கணும். சீழ் வச்சா சங்கமா வந்து துடைக்கும்?"

"அதுக்கு டீ ஊத்தணுமா?"

"நீ மாஸ்கோவுல என்ன பண்ணினே?"

"கடையில பெட்டி அடுக்கினேன்."

"அடுக்கின பெட்டியில உன் பேரு எழுதியிருக்கா? போ, போய்க் கிண்ணத்தைக் கழுவு. பதினஞ்சாம் தேதி நீயும் வர்றே."

போனேன். அது முப்பதாவது வருடம் என்று தடபுடல் செய்திருந்தார்கள். மாவட்டத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்திருந்தார். மேடைக்குக் கீழே புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி. இறந்த பையன்களின் ரொட்டிகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் புகைப்படமும் பெயரும் ஒட்டியிருந்தார்கள். திரும்பி வராதவர்கள் தின்னாமல் விட்ட ரொட்டிகள். கல்லாகச் சிறுத்து, பழுப்பாகி, ஒவ்வொன்றிலும் ஒரு கடி. நான் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனேன்.

பெரியம்மா தேநீர்க் கெண்டியோடு அந்தப் பெட்டியைக் கடந்து போனவள் நின்றாள். நாக்கு நுனியால் தன் உடைந்த பல்லைத் தடவினாள். நான் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தேன். தோலுபாயின் படத்துக்கு மேலே இருந்த ரொட்டி. கடித்த இடத்தின் நடுவில் ஒரு சின்ன மேடு. எலி கடித்த மாதிரி.

அந்தக் கடியைப் பற்றி என் அம்மா சொல்லிச் சொல்லி நான் வளர்ந்திருந்தேன். "பெரியம்மா, இது உங்க..."

"வாயை மூடு."

"இது உங்களோடது."

"மூடுன்னேன்ல. அங்க பாரு."

முன்வரிசையில் ஷார்கான் அம்மா வெள்ளை முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். மேடையைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்க்கவில்லை. அந்த ஒரு ரொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பேச எழுந்தார். பிறந்தபோது போர் முடிந்திருக்கும், அவ்வளவு வயது. தோலுபாயின் ரொட்டியைக் கைகாட்டி, "பாருங்கள், ஒரு வீரனின் பல் தடம். இந்தப் பற்கள் எதிரிக்கு அஞ்சாத பற்கள்" என்றார். பெரியம்மாவுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. கூடம் முழுக்கத் திரும்பியது.

"என்ன எஜே சிரிப்பு?" என்றான் மாமசாலி. "தாய்மார் உக்காந்திருக்காங்க."

"ஒண்ணுமில்ல தம்பி. பேசட்டும்."

அவன் அதோடு விட்டிருக்கலாம். அதிகாரி முன்னால் சங்கடத்தைச் சமாளிக்க வேண்டும் என்று நினைத்தான் போல. "இவங்க நம்ம ஊல்கான் எஜே" என்றான் அதிகாரியிடம். "அங்க ஆஸ்பத்திரியில வேலை பாத்தாங்க. சண்டையெல்லாம் பாத்ததில்ல. இப்ப நமக்கு டீ மந்திரி."

சிரித்தார்கள். நூறு வாய் இருக்கும், அத்தனையும் ஆட்டுக் கொழுப்பு மினுங்கச் சிரித்தன. அதில் பாதி வாய்களுக்கு அவள் சுரங்க ஆஸ்பத்திரியில் கரண்டியால் கஞ்சி ஊட்டியிருக்கிறாள்.

பெரியம்மா அவனிடம் போனாள். எங்கள் ஊரில் தேநீரைக் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். கொஞ்சம் ஊற்றினால், இரு, இன்னும் ஊற்றுகிறேன் என்று மரியாதை. விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். விரோதிக்குக்கூட யாரும் அப்படி ஊற்ற மாட்டார்கள். பெரியம்மா மாமசாலியின் கிண்ணத்தில் ஊற்றினாள், நிறுத்தவில்லை. தேநீர் விளிம்பில் திரண்டு நின்று, வழிந்து, மேசை விரிப்பில் பரவியது.

"எஜே, கிண்ணம் நெறைஞ்சிருச்சு."

"தெரியும். இத்தனை வருஷமாக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்தி உக்கார வச்சேன். போதும். குடிச்சுட்டு எந்திரி."

பக்கத்தில் இருந்தவர்கள் நனைந்த விரிப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள்.

அவள் கெண்டியைத் தரையில் வைத்தாள். இடது கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டினாள். குரலை உயர்த்தவில்லை. வார்டில் பேசுகிற குரல் அது, பின்வரிசைவரை கேட்டது.

"ரொட்டியில கடிச்சதைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கீங்க. நல்லது. இதையும் வைங்க."

முன்கையில் பிறை மாதிரி இரண்டு வரிசை வெள்ளைத் தழும்பு. மேல்பல், கீழ்பல். எண்ணிவிடலாம்.

"சண்டையை நான் பாத்ததில்லையாம். சரி. சண்டை தின்னுட்டுத் துப்பினதை யாரு பாத்தா? யாரு அள்ளினா? ரொட்டியில கடிச்சவன் வீரன். என் கையில கடிச்சவனுக்கு என்ன பேரு? எனக்கு என்ன பேரு? டீ மந்திரியா?" கையை அந்த இளம் அதிகாரியின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "யாரு பல்லுன்னு கேக்குறியா தம்பி? கேக்காதே. சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நர்ஸ் வாக்குத் தப்ப மாட்டா. மத்தவங்க எப்படியோ."

ஒரு பெயரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. மாமசாலி நிறைந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. நான் தெரிந்துகொண்ட வழி அதுதான்.

நாங்கள் வெளியே வந்தோம். யாரும் தடுக்கவில்லை, யாரும் கூட வரவுமில்லை. கறுப்புக் கல்லைத் தாண்டியதும் நான் பொரிந்தேன். "ரொட்டியை ஏன் சொல்லல? அவ்வளவு பேசினீங்க, அதை ஏன் விட்டீங்க? உள்ள போய் எடுத்துட்டு வரேன் பாருங்க."

"எடுத்துட்டு வந்து? அவ காலையில எந்திரிச்சு அதைத்தான் முத்தம் குடுத்திருக்கா. தன் புள்ளை பல்லுன்னு. அதைப் புடுங்கிட்டு வந்து எனக்கு என்ன?"

"அங்க எப்படிப் போச்சு?"

"கால் முளைச்சா போகும்? எங்கப்பா கொண்டுபோய்க் குடுத்திருக்காரு. ரொட்டியைத் தூக்கிப் போட நம்ம ஊருல எவனுக்கும் கை வராது. வீட்டுல வச்சுக்கவும் அவருக்குப் பிடிக்கல. குடுத்துட்டாரு." காலால் பனியை எத்தினாள். அடியிலிருந்து கறுப்புச் சேறு தெறித்தது. "கல்லறைக்குப் போய்க் கேக்கலாம்னு பாத்தா, உயிரோட இருந்தப்பவே பதில் சொல்லாத மனுஷன்."

கல் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"ரொட்டி அவளுக்கே இருக்கட்டும். பேரு என்னோடது. அதை நான் யாருக்கும் விடப்போறதில்ல."

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சுண்ணக்கட்டி வாங்கிக்கொண்டு போய்க் கல்லின் மறுபக்கத்தில், திரும்பியவர்கள் வரிசையின் கடைசியில், தன் பெயரை எழுதினாள். சங்கத்து ஆள் துடைத்தான். அவள் எழுதினாள். மழை கரைத்தது, எழுதினாள். பனி மூடியது, சுரண்டிவிட்டு எழுதினாள். கடைக்குப் போகிற வழியில், கை கழுவுகிற மாதிரி ஒரு வேலையாக அதைச் செய்தாள். அடுத்த பிப்ரவரியில் சங்கத்தார் காகிதக் கோப்பையில் தாங்களே தேநீர் ஊற்றிக்கொண்டார்கள். ஆனால் கால் வலிக்கும் தோள் வலிக்கும் அவர்கள் பின்கேட் வழியாக அவள் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. அவளும் ஊசி போடுவதை நிறுத்தவில்லை. "முன்கேட் வழியா வாடா, திருடனா நீ?" என்று திட்டிக்கொண்டே போட்டாள். மாமசாலி மட்டும் வரவில்லை.

எனக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. 2021இல் கொரியாவுக்குப் போய் ஒரு மீன் தொழிற்சாலையில் சேர்ந்தேன். 2023 பிப்ரவரி தொடக்கத்தில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், கையுறையைக் கழற்றிவிட்டு போனைப் பார்த்தபோது பெரியம்மாவின் குரல் செய்தி வந்திருந்தது. அவள் போனில் பேசும்போது எப்போதும் தூரத்து வார்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

"அய்ஜார்கின், கேக்குதா? இது பதிவாகுதா இல்லையான்னு தெரியல. ஷார்கான் அம்மா போயிட்டா. திங்கக்கிழமை. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் என்னைத்தான் கூப்பிட்டா, ஊசி போட. இத்தனை வருஷம் கழிச்சு. நானும் போட்டேன். ரெண்டாவது நாள் கேட்டா, என் புள்ளை கடைசியில என்ன சொன்னான்னு. சொன்னேன். உங்க மோரைக் கேட்டான்னு சொன்னேன். தலை சீவி அனுப்பினேன்னு சொன்னேன். அப்புறம் மாமசாலிய வரச் சொல்லி, அந்தக் கண்ணாடியைத் தொறந்து அதைக் கொண்டாடான்னா. அவன் கொண்டாந்தான். அவன் முன்னாடியே சொன்னா, இது இவளோடதுன்னு. அவ புள்ளை ரொட்டியை எலி தின்னுடுச்சாம், பெட்டி வந்த அதே மாசம். வெளிய சொன்னா அபசகுனம்னு மறைச்சிருக்கா. துக்கம் கேக்கப் போன எங்கப்பா வெறும் ஆணியைப் பாத்துட்டு, நம்ம வீட்டு ரொட்டியைக் கோட்டுக்குள்ள வச்சுக் கொண்டாந்து குடுத்தாராம். இதைத் தின்ன எங்க வீட்டுக்கு யாரும் வரப்போறதில்லன்னு சொன்னாராம். நான் உயிரோட அங்க நின்னு பாட்டில் மாட்டிட்டு இருந்திருக்கேன், பாத்துக்கோ. ஷார்கானுக்கு முதல் நாளே தெரியும். என் புள்ளைக்குக் குதிரைப் பல்லு, இது ஓட்டைப் பல்லுன்னு சொன்னா. தெரிஞ்சேதான் முத்தம் குடுத்தேன், என்னடி பண்ணச் சொல்றேன்னா. நான் போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

"ரொட்டி இப்ப நம்ம வீட்டுல இருக்கு. டீயில ஊற வச்சு ஒரு வாய் கடிச்சேன். ஒரே தூசி. மிச்சமிருந்த பாதிப் பல்லும் போச்சு. மாமசாலி முன்கேட் வழியா வந்தான், அதையும் சொல்லணும். கல்லு வெட்டுறவனைப் பேசிட்டேன் எஜேன்னான். பேசினா பத்தாது, வெட்டணும்னேன். கல்லுல இன்னும் சுண்ணாம்புதான் இருக்கு, இன்னைக்குக் காலையிலயும் நான்தான் எழுதிட்டு வந்தேன். பதினஞ்சாம் தேதி போறேன். டீ ஊத்த இல்ல, உக்கார. நீ லீவு கேட்டுட்டு வா. மிச்ச ரொட்டியை நான் தின்னல. பேரை வெட்டட்டும், அன்னைக்குத் தின்பேன். அதுவரைக்கும் அது ஆணியிலயே தொங்கட்டும்."